கொறங்காட்டுக்குக் கம்பி வேலி: மூலைக்கல் முதல் கிளுவைப் போத்து வரை

வேலி போடுவது என்று முடிவானதும் எங்கள் பக்கம் முதலில் வந்து நிற்பது ஜேசிபி. உயிர்வேலியாக நிற்கும் கிளுவை மரங்களை ஒரு பகலில் வேரோடு வாரி ஓரத்தில் குவித்துவிடும். மறுநாள் கல்லுக்கால் ஏற்றிய டிராக்டர் வரும். மூன்றாம் நாள் முள்கம்பி மின்னும். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் பல வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் காட்டில் அப்பாரு (தாத்தா) நட்ட கிளுவை இன்னும் நிற்கிறது. அய்யன் (அப்பா) இழுத்த முள்கம்பியை அதற்குள் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: கம்பி போடுங்கள், ஆனால் கிளுவையைப் பிடுங்காதீர்கள். இரண்டையும் சேர்த்து எப்படி நிறுத்துவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கொறங்காடு என்றால் உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட மானாவாரிக் காடு. கீழே கொழுக்கட்டைப்புல், ஊடே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேலாமரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அது. காங்கயம் மாடு வளர்ந்ததே இதற்குள்தான். ஆள் மேய்க்கப் போவதில்லை. காலையில் கடவைத் திறந்து உள்ளே விட்டால் சாயங்காலம் ஓட்டி வருவதோடு வேலை முடிந்தது. மேய்ப்பவன் வேலையை வேலி பார்ப்பதால், வேலியில் ஓட்டை விழுந்தால் மேய்ப்பவன் தூங்கியதாகத்தான் அர்த்தம்.

எதை உள்ளே வைக்க, எதை வெளியே நிறுத்த

கம்பிக் கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்யுங்கள். மாடு மட்டும் என்றால் ஐந்து வரிசை முள்கம்பி போதும். செம்மறியும் மேய்கிறது என்றால் கீழ்ப்பாகம் நெருக்கமாக இருக்க வேண்டும். நாய் வராமல் தடுக்க வேண்டுமென்றால் முள்கம்பியை மட்டும் நம்ப வேண்டாம். சில வருஷமாகக் காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எட்டு அங்குல இடைவெளியில் நாய் தலையைத் தாழ்த்தாமலே நுழைந்துவிடும். நாயைத் தடுக்க, கீழ்ப்பாகத்தில் மூன்றடி வலைக்கம்பி, மேலே இரண்டு அல்லது மூன்று வரிசை முள்கம்பி. காடு முழுக்க வலை போட வசதி இல்லையென்றால், இராத்திரி ஆடு அடைக்கும் பட்டியைச் சுற்றி மட்டுமாவது போடுங்கள்.

மயிலுக்கு வேலி கிடையாது. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

அளவு முதலில், குழி பிறகு

பக்கத்துக் காட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். புலப்படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, மூலைக்கு மூலை அளவுக்கல் எங்கே இருக்கிறது என்று தோண்டிப் பாருங்கள். பழைய கல் அரையடி மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். அளக்கும் நாளில் பக்கத்துக்காரரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. கால் நட்ட பிறகு அளந்தால் அது அளவு இல்லை, வம்பு.

எல்லைக் கோட்டின் மேலேயே கால் நடாமல் நம் பக்கம் மூன்றடி தள்ளி நடுங்கள். வேலியின் இரண்டு பக்கமும் நடந்து பழுது பார்க்கலாம், கிளுவைக்கும் இடம் கிடைக்கும். மூன்றடி நிலம் போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், எனக்கும் அடித்தது. இட்டேரி, அதாவது காடுகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை, ஓரமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இட்டேரி பெரும்பாலும் புறம்போக்கு. அதற்குள் ஒரு கால் போனாலும் பின்னால் அத்தனையையும் பிடுங்க வேண்டி வரும்.

இனி கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நான்கு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 417 அடி, சுற்றளவு 1,670 அடி. அதே நான்கு ஏக்கர், பாகம் பிரித்த பிறகு 209 அடி அகலமும் 835 அடி நீளமுமாக வால் போல நீண்டு கிடந்தால் சுற்றளவு 2,088 அடி. நிலம் ஒன்றுதான், வேலி மட்டும் 400 அடி கூடுதல். அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகமும் ஒட்டி இருந்தால், நடுவேலியை விட்டுவிட்டு வெளிச்சுற்றை மட்டும் சேர்ந்து போட முடியுமா என்று ஒருமுறை பேசிப் பாருங்கள். பேச முடிகிற வீடாக இருந்தால்.

சதுரமான நான்கு ஏக்கருக்கு எட்டடிக்கு ஒரு கால் வைத்தால் சுமார் 209 கால், பத்தடிக்கு ஒன்று என்றால் 167. ஐந்து வரிசைக் கம்பிக்கு 8,350 அடி, அதாவது சுமார் 2,545 மீட்டர் வேண்டும். கம்பி கிலோக் கணக்கில் விற்கிறது. கடைக்காரர் சொல்லும் மீட்டரை அப்படியே எழுதிக்கொள்ளாமல், கேட்டு ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டுப் பாருங்கள். 2.5 மில்லிமீட்டர் கம்பி இரண்டு இழை முறுக்கினால் முள் இல்லாமலே மீட்டருக்கு 77 கிராம் வரும். முள்ளைச் சேர்த்தால் இடைவெளியைப் பொறுத்து 110 முதல் 145 கிராம் வரை போகும். மூன்று அங்குலத்துக்கு ஒரு முள் உள்ள கம்பிக்கும் ஆறு அங்குலத்துக்கு ஒரு முள் உள்ளதற்கும் இத்தனை வித்தியாசம். மாட்டுக்கு ஆறு அங்குலமே போதும். நெருக்கமான முள் எடையைத்தான் கூட்டும், கூடவே மடியையும் கிழிக்கும்.

கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை மறந்துவிடாதீர்கள். 12 கேஜ் என்றால் 2.64 மில்லிமீட்டர், 14 கேஜ் என்றால் 2.03. எல்லை வேலிக்கு 12 கேஜை விட மெல்லிய கம்பி வேண்டாம். துத்தநாகப் பூச்சைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு துண்டு வெட்டி அதன் மேலேயே நெருக்கமாகச் சுற்றுங்கள். பூச்சு செதிலாக உதிர்ந்தால் அந்தக் கட்டு வேண்டாம்.

கல்லுக்காலா, சிமெண்ட் காலா

நான் கல்லுக்கால் கட்சி. கறையான், துரு, காட்டுத்தீ எதுவும் அதை ஒன்றும் செய்யாது. அதன் ஒரே எதிரி ரிவர்ஸ் எடுக்கும் டிராக்டர். சிமெண்ட் கால் நேராக இருக்கும், கம்பி கோக்க ஓட்டையும் இருக்கும். ஆனால் உள்ளே போட்ட கம்பியை மிச்சம் பிடித்துச் செய்த கால் நாலு வருஷத்தில் வெடிப்பு விட்டு, உள்கம்பி துருப்பிடித்து உதிரும்.

கல் வாங்கும்போது நான் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட ஒரு வித்தை. வேலி போட வந்தவர் வண்டியிலிருந்து இறக்கிய ஒவ்வொரு கல்லையும் இரண்டு சின்னக் கல் மேல் படுக்கவைத்து, சுத்தியால் மூன்று இடத்தில் தட்டினார். கணீர் என்று கேட்டால் இடதுபக்கம் போகும். தொப் என்று அமுங்கிய சத்தம் வந்தால் வலதுபக்கம். வலதுபக்கக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல் கூட எனக்குத் தெரியவில்லை.

“பார்த்தா நல்லாத்தானே இருக்குது?” என்றேன்.

“வெளிய தெரியாதுங்ணா. உள்ளார ஓடியிருக்கும். கம்பியை இழுத்தீங்கன்னா அந்த எடத்துலதான் முறியும்” என்றார்.

அவர் ஒதுக்கியதில் ஒன்றைச் சோதனைக்காகக் கீழே போட்டோம். அவர் தட்டிக் காட்டிய இடத்திலேயே இரண்டானது.

வரிசைக் காலுக்கு ஏழடிக் கல், இரண்டடி மண்ணுக்குள், ஐந்தடி வெளியே. மூலைக்கும் கடவுக்கும் எட்டடிக் கல், பருமனானதாகப் பார்த்து. சுக்காம்பாறை நிலத்தில் ஒன்றரையடி இறங்கினாலே கால் அசையாது, ஆனால் அந்த ஒன்றரையடிக்குக் கடப்பாரை தேய்ந்துவிடும். கரிசல் நேர்மாறு. தோண்டுவது சுலபம், கோடையில் மண் வெடித்ததும் கால் ஆட ஆரம்பிக்கும். கரிசலில் இரண்டடிக்கு மேலேயே போங்கள், குழியை வெறும் மண்ணால் மூடாமல் உடைகல்லும் கிரேவலும் போட்டு நிரப்புங்கள். எந்த மண்ணானாலும் அரையடி நிரப்பி, கடப்பாரையின் மொட்டை முனையால் சுற்றி இடித்து, மறுபடி அரையடி. கடைசியில் மொத்தமாக மிதித்து மூடுவது வேலை முடிந்தது போலத் தெரியும், முதல் மழையில் குழி உட்காரும்.

மூலை

வேலிக்கு வைக்கும் அக்கறையில் பாதியை மூலையில் வையுங்கள். நடுவில் ஒரு கால் சாய்ந்தால் அந்த இடத்தில் மட்டும்தான் தொங்கல். மூலைக்கால் சாய்ந்தால் ஒரு பக்கம் முழுவதும் தளர்ந்துவிடும்.

கம்பியை இழுக்கும்போது மூலைக்கால் வேலி போகும் திசையிலேயே சாயப் பார்க்கும். ஆகவே முட்டுக்கல் அந்தப் பக்கத்தில், வேலிக் கோட்டிலேயே நின்று காலை எதிர்த்துத் தள்ள வேண்டும். மூலைக்கு இரண்டு திசை என்பதால் இரண்டு முட்டு. சாய்வும் முக்கியம். இடத்தை மிச்சம் பிடிக்க முட்டைச் செங்குத்தாக நெருக்கி வைப்பவர்கள்தான் அதிகம். அப்படி வைத்த முட்டு காலைத் தாங்குவதற்குப் பதில், கம்பி இழுக்க இழுக்கக் காலை மண்ணிலிருந்து மேலே கிளப்பிவிடும். ஆறடிக் கல்லை முட்டாக எடுத்தால், மேல்முனை மூலைக்காலில் மூன்றரையடி உயரத்தில் பட வேண்டும், கீழ்முனை காலிலிருந்து நாலரையடி தள்ளி, அரையடி ஆழத்தில் ஒரு தட்டைக்கல் மேல் உட்கார வேண்டும். அளவு கச்சிதமாகச் சேரும். கீழே தட்டைக்கல் இல்லையென்றால் முட்டு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும்.

மூலைக்கும் கடவுக்காலுக்கும் மட்டும் கான்கிரீட். சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று, ஜல்லி ஆறு. எட்டடிக் காலுக்கு இரண்டரை முதல் மூன்றடிக் குழி. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஆறவிட்ட பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். கூலிக்காரர் கையோடு இழுத்துவிட்டுப் போகலாம் என்பார், விடாதீர்கள். நேர்கோட்டிலும் சுமார் நூறடிக்கு ஒரு கால் இருபுறமும் முட்டு வைத்து நின்றால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும்.

கம்பி இழுப்பது

மூலைக்கால் நட்டதும் மேலும் கீழும் நூல் பிடித்து வரிசைக் காலை நடுங்கள். கம்பி எந்தப் பக்கம் என்பதில் பலருக்கும் குழப்பம். மாடு நிற்கும் பக்கத்தில், அதாவது உட்புறம். மாடு கழுத்தை வைத்து அழுத்தினால் கம்பி கல்லின் மேல் சாயும். வெளிப்புறம் கட்டினால் அந்த அழுத்தம் முழுவதும் கட்டுக்கம்பி முடிச்சின் மேல் விழும். வேலி வளைந்து போகும் இடத்தில் மட்டும், வளைவின் வெளிப்புறமாகக் கொண்டுபோய், கம்பி காலை அணைத்துக்கொள்ளும்படி பாருங்கள்.

மாட்டுக்கு நான் வைக்கும் உயரம், தரையிலிருந்து 16, 24, 32, 42, 52 அங்குலம். கன்றும் செம்மறியும் இருந்தால் ஆறு அங்குலத்திலிருந்து தொடங்கி, கீழே நான்கு வரிசையை ஆறு ஆறு அங்குலமாக நெருக்கி, மேலே விரித்துக்கொள்ளலாம். பூச்சிக்காளை (பொலிகாளை) நிற்கும் காட்டுக்கு 52-ஐ 56 ஆக்குங்கள். பக்கத்துக் காட்டில் பசு கத்தினால் அது உயரத்தை அளந்து பார்க்காது.

கம்பிச் சுருளை உருட்டிக்கொண்டே விரியுங்கள். சுருளிலிருந்து வளையமாகக் கழற்றி எடுத்தால் முறுக்கு விழும், முறுக்கு விழுந்த இடம்தான் பின்னால் அறும். கம்பியை இழுக்கும் ‘புல்லர்’ கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. முள்கம்பியை வீணைத் தந்தி மாதிரி இறுக்க வேண்டியதில்லை. இரண்டு காலுக்கு நடுவே கையால் அழுத்தினால் இரண்டு விரல் அளவு அமுங்கி, விட்டதும் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். நூறு மீட்டர் இரும்புக் கம்பி இருபது டிகிரி சூட்டு வித்தியாசத்துக்கு சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளும், சுருங்கும். சித்திரை மத்தியான வெயிலில் நீண்டு கிடக்கும் கம்பியை இறுக்கிக் கட்டினால், மார்கழி விடியலில் அது சுருங்கி மூலைக்காலை இழுக்கும். காலை பத்து மணிக்குள்ளோ சாயங்காலமோ இழுங்கள்.

இழுக்கும்போது கம்பிக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் அது சாட்டையாகத் திரும்பி வரும். தோல் கையுறை, கண்ணாடி, முழுக்கால் சட்டை, குழந்தைகள் தூரத்தில்.

கல்லில் கட்டும்போது கட்டுக்கம்பி காலைச் சுற்றிவந்து முள்கம்பியைப் பிடிக்க வேண்டும், ஆனால் நெரிக்கக் கூடாது. முள்கம்பி கொஞ்சம் நழுவ இடமிருந்தால், மாடு ஓரிடத்தில் அழுத்துவதை மொத்த நீளமும் பகிர்ந்துகொள்ளும். கட்டுக்கம்பியின் வால் முனையைக் கல்லை ஒட்டி மடக்கிவிடுங்கள்.

வெட்டிய துண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நேர்ந்தது இது. முதன்முதலில் நான் நின்று போட்ட வேலியில், கட்டுக்கம்பித் துண்டுகள் விரல் நீளம் விரல் நீளமாகப் புல்லில் விழுந்துகொண்டே இருந்தன. நான் கண்டுகொள்ளவில்லை. ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மயிலைக் கிடாரி தீவனம் எடுக்காமல் நின்றது. முதுகை வளைத்துக்கொண்டு, இறக்கத்தில் இறங்கத் தயங்கியது. பிறகு தாடைக்குக் கீழே நீர் கோத்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கம்பி முழுங்கியிருக்கும் என்றார். மாடு புல்லை நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும், மென்று பார்ப்பதில்லை. கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கி, அங்கிருந்து குத்திக்கொண்டு முன்னால் போனால், நாலு விரல் தூரத்தில் இதயம். கிடாரி போய்விட்டது. அன்றிலிருந்து வேலி வேலைக்கு வருபவர் இடுப்பில் ஒரு துணிப்பை கட்டியிருக்க வேண்டும், வெட்டிய துண்டு பையில்தான் விழ வேண்டும். வேலை முடிந்ததும் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி வேலியோரம் இழுத்துக்கொண்டு நடப்பேன்.

கடவு, பள்ளம், இடி

கடவு பன்னிரண்டடிக்குக் குறையக் கூடாது. டிராக்டர் டிரெய்லரோடு திரும்ப அவ்வளவு வேண்டும். பழைய கடவு இரண்டு ஓட்டைக் கல்லும் அதற்குள் சொருகிய மூன்று மரமும்தான். அதில் ஒரு வசதி, கீல் துருப்பிடிக்காது. இப்போது இரும்புக் கேட் போடுகிறவர்கள் கீலை ஒன்று மேல்நோக்கியும் ஒன்று கீழ்நோக்கியும் பொருத்துங்கள், கேட்டைத் தூக்கிக் கழற்ற முடியாது. கடவை மூலையை ஒட்டி வைத்தால் மாட்டை ஓட்டி ஒதுக்குவது எளிது.

பள்ளம் (மழை ஓடை) குறுக்கே போனால் வேலியை அதன் மேல் நேராக இழுக்காதீர்கள். வெள்ளத்தில் வரும் முள்ளும் சருகும் கம்பியில் அணைகட்டி, இரண்டு பக்கமும் காலைச் சேர்த்து இழுத்துப் போய்விடும். பள்ளத்தின் இரு கரையிலும் மூலைக்கால் போலவே முட்டு வைத்து வேலியை முடித்துவிட்டு, நடுவில் தனியாக ஒரு கம்பியிலிருந்து மரச்சட்டங்களைத் தொங்கவிடுங்கள். தண்ணீர் வந்தால் தூக்கிக்கொடுக்கும். போனாலும் அது மட்டும்தான் போகும்.

கல்லுக்காலில் கட்டிய கம்பிக்கு மண்ணோடு தொடர்பு கிடையாது. கோடை மழை இடி கம்பியில் இறங்கினால் நீளத்துக்கும் ஓடும், வேலியோரம் ஒதுங்கி நிற்கும் மாட்டைத் தாக்கும். ஆடிக்காற்றில் மின்கம்பி அறுந்து வேலி மேல் விழுந்தாலும் அதே ஆபத்து. 150 அடிக்கு ஒரு ஜிஐ பைப்பை நாலைந்து அடி ஆழத்துக்கு அடித்து, எல்லா வரிசையையும் அதோடு இணைத்துவிடுங்கள். இடிக்கு இது உதவும். மின்கம்பி விழுந்தால் பைப் இருக்கிறதே என்று கிட்டே போகாதீர்கள், மின்வாரியத்துக்குப் போன் செய்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

மோட்டார் லைனிலிருந்து வேலிக்குக் கரண்ட் கொடுப்பது குற்றம், அதில் ஆளே செத்திருக்கிறார்கள். சோலார் வேலி வேறு. அது நொடிக்கு ஒரு முறை போலச் சின்னத் துடிப்பாக மட்டும் அடிக்கும். முள்கம்பியில் அதை இணைக்கக் கூடாது, சிக்கிக்கொண்ட மாடு விடுபட முடியாது, வெறுங்கம்பிதான் வேண்டும். தமிழ்நாட்டில் 2023-ல் மின்வேலிக்கெனத் தனி விதிகள் வந்திருக்கின்றன. காப்புக்காட்டுப் பக்கம் இருப்பவர்கள் வனத்துறையில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கிளுவை

ஏற்கெனவே கிளுவை இருந்தால் அதன் உட்புறமாக இரண்டடி விட்டுக் கால் நடுங்கள். சந்து விழுந்த இடத்தில் புதுப்போத்து நடுங்கள். இலை உதிர்ந்து நிற்கும் முதிர்ந்த கிளையாகப் பார்த்து, மூன்றடி நீளத்தில் வெட்டி, நிழலில் சில நாள் வாடவைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் முக்கால் அடி ஆழத்தில் அரையடிக்கு ஒன்றாக நடலாம். வாடவைக்காமல் நட்டால் வெட்டு வாயில் அழுகல் பிடிக்கும். முதல் இரண்டு வருஷம் ஆடு தழையைக் கடிக்காமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும், அந்த இரண்டு வருஷக் காவலுக்குத்தான் கம்பி. பிறகு கிளையைக் குறுக்கே வளைத்து ஒன்றோடொன்று பின்னிவிட்டால் நாய் நுழையும் சந்தும் அடையும்.

வருஷத்தில் இரண்டு நடை

ஆனி கடைசியில் காற்றுக்கு முன் ஒன்று, புரட்டாசியில் மழைக்கு முன் ஒன்று. கையில் கட்டிங் பிளேயர், கட்டுக்கம்பி, அரிவாள், துணிப்பை. ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பாருங்கள். கம்பியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் துத்தநாகம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, பயமில்லை. செம்பழுப்பு தெரிந்தால் இரும்பு வெளியே வந்துவிட்டது, அந்த நீளத்தைக் குறித்து வையுங்கள். அறுந்த இடத்தை ஒட்டும்போது இரண்டு முனையிலும் வளையம் போட்டு ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஒவ்வொரு வாலையும் தன் கம்பியின் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றுங்கள்.

கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறியிருக்கும். பிரண்டையைத் துவையலுக்குப் பறித்துக்கொண்டு மீதியைக் கம்பியிலிருந்து இறக்கிவிடுங்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவைக் கூட்டும், ஆடிக்காற்றுக்குப் பாய் விரித்தது போல நின்று காலைச் சாய்க்கும். சாணத்தில் வந்த சீமைக்கருவேல் வேலியோரம்தான் முளைக்கும், முழங்கால் உயரத்தில் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் வரும், அடுத்த வருஷம் வராது. வேலியோரப் புல்லுக்குத் தீ வைக்கவே கூடாது. சூட்டில் துத்தநாகம் போய்விடும், கிளுவையும் கருகும்.

கம்பி கிழித்த மாட்டை அன்றைக்கே பாருங்கள். மழைக்காலத்தில் சின்னக் கீறலிலும் ஈ உட்கார்ந்து இரண்டு நாளில் புழு வைத்துவிடும். மடியிலோ கண்ணிலோ என்றால் கைவைத்தியம் வேண்டாம், டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

போன புரட்டாசி நடையில் என் காந்தத்தில் ஒட்டியது பதினொரு துண்டு. வேலி போட்டு ஏழு வருஷம் ஆகிறது.